திருப்புன்கூரில் விலகிய ஏறு: நந்தனார் சரித்திரக் கீர்த்தனையின் உட்பொருள்

திருச்சிற்றம்பலம்

தமிழிசை கேட்டுப் பழகிய எவரும், கோபாலகிருஷ்ண பாரதியார் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையுள், திருப்புன்கூர் வாயிலில் நின்று நந்தனார் பாடும் நாட்டைக்குறிஞ்சிப் பாட்டினைக் கேளாதிரார். சிவலோகநாதர் திருமுன்னுக்கும் தமக்கும் இடையே நந்தி பேருருவாய்க் கிடந்து காட்சியைத் தடுக்க, அது கண்டு உள்ளங் கரைந்து அடியார் முறையிடுவதே அப்பாட்டு. அதனையடுத்து, நந்தியைச் சிறிது ஒதுங்கியிருக்குமாறு இறைவரே பணிப்பதாகப் பூர்விகல்யாணியில் மற்றொரு பாட்டு வருகின்றது.

இவ்விரண்டற்கும் தத்துவப் பொருள் கூறுதல் நம்மவருள் நெடுநாளைய வழக்கு. அங்ஙனங் கூறப்படும் பொருள் சித்தாந்தத்திற்கு ஒக்குமா என்பதும், ஒவ்வாதாயின் ஒக்கும் பொருள் யாது என்பதும், உட்பொருள் கண்டபின் வெளிப்படைப் பொருளை யாது செய்வது என்பதும் ஈண்டு ஆராயப்படும். இவற்றுள் மூன்றாவதே இக்கட்டுரை எழுதப் புகுந்தமைக்குக் காரணம். அது யாம் ஒரு முதியவர்க்கு இறுக்கவேண்டிய கடன். அவர் வினவியதைப் பின்னர்க் கூறுவாம்.

நூல் வரலாறு

நந்தனார் என வழங்கப்பெறும் திருநாளைப்போவார் நாயனாரைத் திருத்தொண்டத்தொகையுட் போற்றியவர் சுந்தரமூர்த்தி சுவாமிகள். நம்பியாண்டார் நம்பிகள் தம் அந்தாதியில் அதனை விரித்தார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் 37 செய்யுட்களால் நாயனார் வரலாற்றை முற்றக் கூறியருளினார். ஆதனூர்ப் புலைப்பாடியில் தோன்றியவர்; திருக்கோயில் முரசங்களுக்குத் தோலும் வாரும், யாழிற்கும் வீணைக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்துவந்தவர்; வாயிலின் புறத்தே நின்று ஆடியும் பாடியும் தொழுதவர். திருப்புன்கூரில் அவர் நேரே கண்டு கும்பிட விழைந்தபோது இறைவர் தம் ஏற்றினை விலகச் செய்தார். பின்னர்த் தில்லை செல்லுங் காதல் மீதூர, நாளைப் போவேன் எனப் பலநாள் கழித்து, முடிவில் தில்லையெல்லை எய்தி, எரியுள் மூழ்கி முனிவர் வடிவொடு எழுந்து, திருவம்பலம் புகுந்து கலந்தருளினார். இவையே பெரியபுராணங் கூறுவன.

பாரதியார் 19-ஆம் நூற்றாண்டினர். கதாகாலட்சேபத்திற்கும் நாடகத்திற்கும் ஏற்பப் பலவகை இசைப்பாட்டுக்களால் அவர் அமைத்த இந்நூல் 1861-ஆம் ஆண்டளவில் அச்சேறியது. சேக்கிழார் கூறாதன சில இதன்கண் உள. அவற்றுள் தலையாயது நிலக்கிழாராகிய வேதியர் ஒருவரைப் படைத்தமை. தில்லைக்கு விடை கேட்ட நந்தனாரை, வயல்வேலை முழுவதும் முடித்த பின்னரே செல்லலாம் என்று அவர் தடுக்கின்றார். பல வேலி நிலத்து வேளாண்மையும் இறைவன் அருளால் ஓரிரவில் முற்றுப்பெறுகின்றது. அது கண்ட வேதியர் தம் பண்ணையாளின் திருவடியில் வீழ்கின்றார்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இந்நூற்குச் சிறப்புக்கவி தரத் தொடக்கத்தில் இசையாதிருந்தார்கள் என்பதும், காரணம் இலக்கண வழுக்களும் பெரியபுராணத்தொடு மாறுபட்ட இடங்களும் என்பதும், பாரதியார் பாடக் கேட்டு உள்ளம் உருகிய பின்னரே அதனை அளித்தார்கள் என்பதும் உ. வே. சாமிநாதையரவர்கள் எழுதியவற்றால் அறியக்கிடக்கின்றன. இந்நிகழ்ச்சி நமக்கும் ஓர் அளவுகோல். நூலின் குறையைக் குறையென்று கொள்ளுதலும், அக்குறையினூடே ஒளிரும் பத்தியைப் பத்தியென்று கொள்ளுதலும் ஒருங்கே இயல்வன.

பின்னாளில் இப்பாட்டுக்கள் நாடக மேடையினின்றும் திரைப்படத்திற்கும் சென்றன. கொங்கு நாட்டுக் கொடுமுடியிற் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் 1935-இல் வெளிவந்த பக்த நந்தனார் என்னும் படத்தில் நந்தனாராகவே தோன்றிப் பாடினார். வேதியராக நடித்தவர் இசைப் பேரறிஞர் மகாராஜபுரம் விசுவநாதையர். 1942-இல் ஜெமினியார் எடுத்த நந்தனார் படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகர் நாயனாராக நடித்தார். இவ்வாறு, பெரியபுராணம் ஓதி உணராதாரும் நந்தனாரை அறிந்தது இப்பாட்டுக்களாலேயாம். ஆகலான் இவற்றிற்குப் பொருள் உரைப்பவர் பிறழ உரைப்பின், அப்பிறழ்ச்சி பல்லாயிரவர் உள்ளத்தைப் பற்றும்.

வழங்கிவரும் உரை

இனி, பலரும் கூறும் தத்துவவுரை வருமாறு. வாயிற்கண் நிற்கும் நந்தனார் பசு. உள்ளே எழுந்தருளிய சிவலோகநாதர் பதி. இரண்டற்கும் இடையே கிடந்து மறைக்கும் ஏறு பாசம். பாசத்துள்ளும் மறைத்தலே இயல்பாக உடையது ஆணவமலம் ஆகலின், ஏறு ஆணவத்தைக் குறித்தது. அதன் பேருருவம் அம்மலத்தின் வன்மையைக் காட்டும். அடியார் அழுகை பக்குவத்தையும், ஏறு விலகியது மலநீக்கத்தையும் காட்டும். சிலர் இன்னும் ஒருபடி சென்று, நந்தனாரது குலமே அவரைப் பற்றிய மலம் என்றும், அது நீங்கற்பொருட்டே பின்னர் எரிபுக நேர்ந்தது என்றும் உரைப்பர்.

யாமும் இளமையில் மடத்திற் பாடங்கேட்டு வெளிவந்த புதிதில், இறுதியிற் கூறியது ஒழிந்த ஏனையவற்றை அவ்வாறே மேடைகளிற் பேசினோம். பதி பசு பாசம் மூன்றும் ஒரு காட்சியில் ஒழுங்காக நிற்பது கேட்போர்க்கு இனிமை பயப்பது. எனினும் இனிமையுடைமை மட்டும் பொருளுடைமைக்குச் சான்றாகாது.

என்னையெனின், நந்தியம்பெருமானை ஆணவமலமாகக் கூறுதல் நம் ஆசிரிய மரபிற்கே முரணாம். அகச்சந்தான குரவர் நால்வருள் முதல்வர் திருநந்திதேவர். அவரிடத்தினின்றும் சனற்குமாரர், சத்தியஞான தரிசினிகள், பரஞ்சோதி முனிவர் வழியாக வந்த உபதேசமே மெய்கண்ட தேவரை எய்தியது. சிவஞானத்தை உலகிற்கு முதற்கண் வழங்கிய குரவரை, ஞானத்தை மறைக்கும் இருளாக உருவகஞ் செய்வது எவ்வாறு பொருந்தும்?

அன்றியும், ஆணவம் சடம். அது சொல்லிற்குச் செவிசாய்த்து ஒதுங்குவதன்று. இங்கோ இறைவர் நந்தியை நோக்கிப் பிள்ளையை அழைப்பதுபோல அன்பொடு பேசுகின்றார். நந்தி அது கேட்டு ஒதுங்குகின்றது. ஏவலைக் கேட்டு நடப்பது அறிவுடைப் பொருளாதல் வேண்டும். ஆகலான் ஏறு ஆணவமலம் என்னும் உரை பொருந்தாமை காண்க.

பொருந்தும் உரை

அற்றேல், ஏறு குறிப்பது யாது எனின், கூறுதும்.

இறைவன் செய்தருளும் தொழில்கள் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என ஐந்து. அவற்றுள் மறைத்தலைச் செய்வது திரோதான சத்தி. உயிர் தன் வினைப்பயனை நுகர்ந்து முடித்தற்பொருட்டும், அந்நுகர்ச்சியால் மலம் பரிபாகம் எய்துதற்பொருட்டும், இறைவன் தன்னை மறைத்து உலகினைக் காட்டி நிற்கின்றான். கண்ணோய் உற்றானுக்கு மருத்துவன் கட்டிய சீலைபோல்வது அம்மறைப்பு. கட்டியவனும் மருத்துவன், பருவம் அறிந்து அவிழ்ப்பவனும் அவனே. கட்டியிருக்குங்காறும் அதுவும் ஓர் இருளாகவே நோயாளிக்குத் தோன்றும். இதுபற்றியே உமாபதி சிவாசாரியர் திரோதாயியையும் பாசங்களோடு வைத்து எண்ணினார். மலத்தைச் செலுத்தி நிற்றலால் அதற்கு மலம் என்னும் பெயர் உபசாரமேயன்றி உண்மையன்று. மலம் முதிர்ந்தவிடத்து அச்சத்திதானே அருட்சத்தியாய்ப் பதியும். அதுவே சத்திநிபாதம்.

திருப்புன்கூர் நந்தியை இங்ஙனம் திரோதானத்திற்கு அடையாளமாகக் கொள்ளின், பாட்டின் ஒவ்வோர் உறுப்பும் தத்தம் நிலையிற் பொருந்தும்.

நந்தி இறைவர்க்கு அயலாரல்லர். அவர் திருமுன் அவர் ஏவல்வழி இருப்பவர். மறைப்பும் அவர்தம் மறைப்பன்று, ஆண்டவன் மறைப்பு. அடியார் அந்த ஏற்றினை வைதாரல்லர். தாமே தள்ளவும் முயன்றாரல்லர். இறைவரை நோக்கியே முறையிட்டார். உயிர் தன் முயற்சியால் மறைப்பினை விலக்கவல்லதன்று என்பதும், மறைத்தவனே விலக்கவேண்டும் என்பதும் இதனாற் பெறப்படும்.

மேலும், நந்தி அவ்விடத்தைவிட்டு அகன்றதில்லை; சிறிதே ஒதுங்கியது. இன்றும் திருப்புன்கூர் செல்வார், நந்தி நேர்க்கோட்டினின்றும் ஒதுங்கியிருத்தலைக் கண்ணாரக் காணலாம். மறைத்த சத்தி அழிந்து வேறொரு சத்தி வந்து அருளுவதில்லை. மறைத்ததுவே மறைத்தலை ஒழிந்து காட்டிநிற்கும். பாட்டின்கண் அடியார் இரப்பதும் அச்சிறிய இடமே. தேர் நிற்கும் இடத்திலிருந்து கண்டால் அமையும் என்பதே அவர் வேண்டுகோள். அருள் பதிதற்கு உயிரிடத்து வேண்டுவது பெரியதொரு செயலன்று, நோக்கு நேர்படுதலே என்பதை இதனினும் எளிதாகக் காட்டவொண்ணாது.

இன்னும், திருப்புன்கூரில் நிகழ்ந்தது காட்சி. தில்லையில் நிகழ்ந்தது கலப்பு. சத்திநிபாதம் மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் எனப் படிப்படியே நிகழும் என்பது நூற்றுணிபு. முதற்கண் ஓரடி அளவாக விலகியது, பின்னர் முற்றும் விலகியது. ஒரே நாயனார் வரலாற்றில் இரண்டு தலங்கள் அமைந்தமைக்கு இது காரணமாதல் கூடும்.

பேரூர் தரும் சான்று

இவ்வுரைக்குச் சான்று தேடி யாம் நெடுந்தொலை செல்லவேண்டியதில்லை. கோயம்புத்தூரை அடுத்து, நொய்யல் எனப்படும் காஞ்சிமாநதிக் கரையில், மேலைச் சிதம்பரம் எனப் போற்றப்பெறும் நம் பேரூரிலேயே அஃது உளது.

சுந்தரமூர்த்தி சுவாமிகள் பேரூருக்கு எழுந்தருளியதையும், தில்லைக்கூத்தினை ஆண்டுக் கண்டு தொழுததையும் சேக்கிழார் பெருமான் கூறியுள்ளார். சுவாமிகளும் தம் தில்லைத் திருப்பதிகத்தில் மீகொங்கின் பேரூர்ப் பெருமானை நினைந்து பாடியருளினார். இதன்மேலும் பேரூர்த் தலவரலாறு கூறுவதொன்று உண்டு. பொருள் வேண்டி வரும் தோழரொடு விளையாடக் கருதிய பட்டிப்பெருமான் பள்ளராகவும், பச்சைநாயகியம்மை பள்ளியாகவும் திருவுருக் கொண்டு, வயலில் இறங்கி நாற்று நட்டனர். சுந்தரர் வந்து வினவின் தாம் இருக்கும் இடத்தைக் கூறற்க என நந்திக்குப் பணித்துச் சென்றனர். சுந்தரர் வந்தார்; திருமுன்னில் இறைவரைக் காணாது திகைத்தார். நந்தி இரக்கத்தால் குறிப்பினாற் காட்டிவிட்டது. அதனை அறிந்த இறைவர் கையிலிருந்த மண்வெட்டியால் நந்தியின் முகத்தில் அடித்தார் என்பது வரலாறு. ஆனித் திங்களில் பேரூரில் நடைபெறும் நாற்று நடவு விழா இதனை இன்றும் நினைவுறுத்தி வருகின்றது. திருவாவடுதுறை ஆதீனத்துக் கச்சியப்ப முனிவர் 18-ஆம் நூற்றாண்டில் பேரூர்ப் புராணம் பாடி இத்தலப் பெருமையை நிலைநிறுத்தினார்.

இரு தலத்து வரலாற்றையும் அருகருகே வைத்துக் காண்க. திருப்புன்கூரில் நந்தி மறைத்தது. விலகுமாறு அன்போடு பணிக்கப்பெற்றது. பேரூரில் நந்தி காட்டியது, அடியுண்டது. மறைத்தல் குற்றமாயின் திருப்புன்கூரிலன்றோ அடி விழுதல் வேண்டும்? காட்டுதல் குணமாயின் பேரூரில் அன்பு விளைதல் வேண்டுமன்றோ? அவ்வாறு இல்லாமையால், மறைத்தலும் காட்டுதலும் நந்தியின் உரிமையல்ல, இரண்டும் இறைவன் திருவுள்ளத்தின்வழிப்பட்டன என்பது தெளிவாம். பருவம் வருமுன் காட்டப் புகுவதும், பருவம் வந்தபின் மறைத்து நிற்பதும் ஒருங்கே ஒழிக்கற்பாலன. இதுவே திரோதானத்தின் இலக்கணம். எனவே, திருப்புன்கூர்ப் பாட்டிற்குரிய உரையைப் பேரூர் வயல் உறுதிசெய்வதாயிற்று.

குலம் மலமாமோ?

இனி, நந்தனாரது பிறப்பே அவர்க்கு மலம் என்பாரை நோக்கிக் கூறுதும். ஆணவம் எல்லா உயிர்கட்கும் அநாதியே பொது. செம்பிற் களிம்புபோல அஃது உயிரைப் பற்றியதேயன்றி உடம்பைப் பற்றியதன்று. உடம்பு மாயையின் காரியம். கன்மத்திற்கு ஏற்ப வருவது. உயிர்க்கு விளக்குப்போல் உதவுவது. இவ்வுடம்பு இவ்வூரில் இக்குடியிற் பிறந்தது என்பதுபற்றி ஓருயிர்க்கு ஆணவம் மிகுமென்றும், மற்றோருயிர்க்குக் குறையுமென்றும் கூறும் நூல் மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் ஒன்றேனும் இல்லை. பிறவி பாசத்தால் வருவது எனின், அந்தணர் பிறவியும் அவ்வாறு வந்ததே, அறுக்கப்படுவதே.

பாரதியார் வேதியரைப் படைத்ததன் பயனும் இவ்விடத்தே விளங்கும். திருக்கோயிலுட் செல்ல உரிமையுடையவர் வேதியர். தில்லையை நினைந்து உருகியவர் நந்தனார். வேதியர்க்கும் இறைவர்க்கும் இடையே எந்த ஏறும் கிடக்கவில்லை. எனினும் அவர் கண்டாரில்லை. யான் எனது என்னும் செருக்கே ஆணவத்தின் செயல் எனின், இந்நூலுள் அது குடிகொண்டிருந்தது நிலமும் ஆளும் தமவே என எண்ணிய வேதியரிடத்தன்றி, அடியாரிடத்தன்று. விளைந்து கிடந்த வயலைக் கண்டு அவர் வீழ்ந்து வணங்கியபோது நீங்கியதே இந்நூல் காட்டும் மலநீக்கம். ஆணவத்தைத் தேடுவார் நந்தியிடத்தும் நந்தனாரிடத்தும் தேடி, அஃது இருந்த இடத்தை விட்டுவிட்டனர்.

எரிபுகுந்தமையை என்னென்பது எனின், அஃது இப்பிறவியை ஒழித்தற்பொருட்டு என்பதே பெரியபுராணத்தின் கருத்து. பிறவியொழிவு எல்லார்க்கும் வேண்டப்படுவது. எனினும், நாயனார் தம் பிறப்பை இழிவென்று நினைந்து வருந்துவதாகவும், மதிற்புறத்தே தயங்கி நிற்பதாகவும் நூலுள் வரும் இடங்கள் அக்காலத்து உலகவழக்கின் நிழல் படிந்தவை. அந்நிழல் இல்லையென்று சாதித்தல் உரையாசிரியன் கடனன்று. திருநாவுக்கரசர், புலையரேயாயினும் சிவனுக்கு அன்பராயின் அவரே தாம் வணங்கும் கடவுளர் என்று பாடினமை அறிந்தார்க்கு, நிழல் எது ஒளி எது என்பது மயங்காது.

முதியவர் வினா

இனி அக்கடனுக்கு வருவாம். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகட்கு முன், பேரூரையடுத்த சிற்றூரொன்றில் மார்கழித் திருவாதிரை இரவில் நந்தனார் சரித்திரம் பற்றிப் பேசினோம். ஏறு ஆணவமலம் என்று அன்றும் விரித்துரைத்தோம். கூட்டம் கலைந்தபின், பந்தற்காலைப் பற்றி நின்ற முதியவர் ஒருவர் அருகில் வந்தார். எழுபது அகவை இருக்கலாம். வயல்வேலை செய்து கை காய்த்தவர். இளமையில் தம் ஊர்க் கோயிலின் தேர்நிலைக்கு அப்பால் சென்றறியாதவர் எனப் பின்னர் அறிந்தோம். அவர் துண்டினைக் கையில் வாங்கிக்கொண்டு, “ஏனுங்க, நந்திய நகத்தத் தெரிஞ்ச சாமிக்கு, நந்தன உள்ள கூப்புடத் தெரியாதுங்களா?” என்றார்.

யாம் மலபரிபாகம் என்றோம், பருவம் என்றோம். அவர் பொறுமையாகக் கேட்டு, “சரீங்க” என்று கூறி இருளில் நடந்துபோயினார். அவர் தெளிந்தாரல்லர், யாமும் தெளிவிக்க அறிந்தேமல்லேம். எம் விடை அவர் வினாவினின்றும் தப்பிப்போதற்கு யாம் கண்ட வழியே என்பது வீடு சேருமுன் எமக்குப் புலப்பட்டது.

நந்தனார் கேட்டது புறத்தே நின்று காணும் காட்சி ஒன்றே, கேட்டதை இறைவர் அளித்தார் எனின், அஃது ஓரளவே பொருந்தும். உள்ளே வாரேன் என்று ஒருவர் இரக்கும் நிலை எவ்வாறு வந்தது என்னும் வினா அதனால் ஒழிவதில்லை. இப்போது எமக்குத் தோன்றும் விடை வருமாறு.

மறைப்பு இருவகைத்து. ஒன்று இறைவன் மறைப்பு. அஃது அருளின்பொருட்டு நிகழ்வது. பருவம் வந்தவுடன் ஒரு சொல்லில் விலகுவது. மற்றொன்று மக்கள் மறைப்பு; அஃது ஆணவத்தின் காரியம்; எவர்க்கும் எப்பருவத்தையும் தாராதது. திருப்புன்கூரில் நந்தனார்க்கு முன் இரண்டும் நின்றன. நந்தி நின்றது, வாயிலில் ஊர்வழக்கும் நின்றது. இறைவர் தம்முடையதை விலக்கிக் காட்டினார். ஊர் தன்னுடையதை விலக்கவில்லை. ஆகவே வினா இறைவரை நோக்கியதன்று. வாயிலின் உட்புறத்தே நின்ற எம்போல்வாரை நோக்கியது. இறைவர் விலக்கியதைக் கண்ட பின்னரும் விலக்காது நின்ற நாணமே நமக்குரியது.

அந்நாணம் நெடிது நின்றது. அறுபத்துமூவர் வரிசையில் திருநாளைப்போவார் திருவுருவத்தைத் திருச்சுற்றினுள் வைத்துத் திருமஞ்சனம் ஆட்டிய ஊர்களிலேயே, அவர் குடியிற் பிறந்தார் மதிற்புறத்தே நிறுத்தப்பெற்றனர். மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலுள் அவர்கள் புகுந்து வழிபட்டது 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8-ஆம் நாள். சென்னை மாகாணத்துக் கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறியது 1947-இல். சேக்கிழார் பாடிய பின் எண்ணூறு ஆண்டளவு, நந்தி விலகிய வழியை நாம் அடைத்து நின்றோம்.

நம் ஆசிரியருள் இதனை முன்னரே விலக்கிக் காட்டியவர் உமாபதி சிவாசாரியர். தில்லைவாழந்தணருள் ஒருவராகிய அவர், அவர்களால் விலக்கப்பெற்றுக் கொற்றவன்குடியில் உறைந்தார். அக்காலத்து விறகு சுமந்து தொண்டு செய்த பெற்றான் சாம்பான் என்பவர்க்கு, இறைவர் கொடுத்தனுப்பிய ஓலையைக் கண்டு தீக்கை செய்து முத்தியும் அளித்தார் என்பது மரபு. திரோதானத்தின் இயல்பை நமக்கு நூலால் விளக்கிய ஆசிரியரே மக்கள் மறைப்பினைச் செயலால் விலக்கினார் என்பது உன்னுதற்குரியது.

முதியவர்க்கு யாம் கூறியிருக்கவேண்டிய மற்றொரு விடை அவர் ஊரருகிலேயே இருந்தது. நந்தனாரை உள்ளே அழைத்திலர் என்றன்றோ அவர் வருந்தினார்? பேரூர்ப் பெருமான் அழைப்பதற்கு உள்ளேயே இருந்தாரல்லர். அவர் சேற்றில் இறங்கி, அம்முதியவர் கை செய்த தொழிலையே தம் கையாற் செய்துகொண்டிருந்தார். கோயிலினுள் நின்று தேடியவர் நம்பியாரூரர், ஆலாலசுந்தரராய்க் கயிலையில் இருந்தவர், தம்பிரான் தோழர். அவர்க்கும் அங்கே காட்சி இல்லை. வயற்கரைக்கு வந்த பின்னரே கண்டார். திருப்புன்கூரில் வயலிலிருந்து வந்தவர்க்குக் கோயிலிற் காட்சி. பேரூரில் கோயிலுக்கு வந்தவர்க்கு வயலிற் காட்சி. பாரதியார் நூலுள் நந்தனாரது வயல்வேலை அருளால் முடிந்தது. பேரூரில் அவ்வேலையை அருளாளரே செய்தார். இதனை அன்று யாம் கூறியிருந்தால், அவர் ‘சரீங்க’ என்று இருளில் நடந்திரார் என நம்புகின்றோம். அவர் இப்போது இல்லை. ஆகலின் இவ்விதழ் படிப்பார்க்குக் கூறுகின்றோம்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், திருப்புன்கூர்ப் பாட்டிலுள்ள ஏறு ஆணவமலத்தைக் குறியாது திரோதான சத்தியைக் குறிக்கும் என்பதும், அது விலகியமை மறைப்பே அருளாதலைக் காட்டும் என்பதும், நந்தனாரது குலம் மலமன்று என்பதும், உட்பொருள் வெளிப்படைப் பொருளை விழுங்கலாகாது என்பதும் பெறப்பட்டன. தத்துவம் கூறி ஒருவர் துன்பத்தைக் கேளாதொழிதலும் ஒரு மறைப்பே. அஃது இறைவன் மறைப்பன்று.

இசையரங்குகளில் இவ்விரு பாட்டுக்களுள் ஒன்றனை மட்டும் பாடி நிறுத்துதல் காண்கின்றோம். முறையீடும் விடையும் ஒருங்கு நிற்கும்போதே பொருள் நிரம்பும் ஆகலின், இரண்டனையும் அடுத்தடுத்துப் பாடுதல் நன்று. பொருள் விரிப்போரும் ஏறு விலகியதைக் கூறும்போது, விலகாது நின்ற வாயிலையும் கூறுக. ஆனியில் பேரூர் செல்லும் அன்பர்கள் சேவித்தபின் நாற்று நடவையும் கண்டு, அவ்வயற்கரையிற் சிறிது நின்று வருக.

திருச்சிற்றம்பலம்